ஆடியில் வாங்கிய கணினி

கடையில் அதன் பெயர் ‘கழுத்து சுத்துற லேப்டாப்பு’. திரையைப் பிடித்துத் திருப்பினால் முகம் அந்தப் பக்கம் போகும். அப்படியே மடக்கிப் படுக்கவைத்தால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் ஒரு பேனா செருகியிருக்கும், அதை உருவித் திரைமேலேயே எழுதலாம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் அது வெகுநாளாகக் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு உட்கார்ந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்கள், ஒடிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள், சாதாரணமானதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றில், ஆடித் தள்ளுபடி என்று அதைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு அப்படி ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த வருஷம் மாசியில் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கட்டி. எடுக்காவிட்டால் ஆளே இருக்க மாட்டேன் என்றார்கள். எடுத்தார்கள், ஆள் இருக்கிறேன். மூச்சு இப்போது கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய்வருகிறது. அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்வேன். வாயை எப்படி அசைத்தாலும் சத்தம் வராது. ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று சொல்லிச் சொல்லி எத்தனையோ பிள்ளைகளை எழுந்து நின்று சந்தேகம் கேட்கவைத்தவன் நான். இனி நான் எப்படிப் பிழைப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை எனக்கு. வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். வீட்டில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வாழ்நாளில் நான் பேசிய பேச்சில் முக்கால்வாசி பத்தாம் வகுப்பில் பேசியதுதான். அறுவைச் சிகிச்சை முடிந்து தலைமையாசிரியரைப் பார்க்கப் போனபோது அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

“நூலகத்தப் பாத்துக்குங்க சார். சம்பளம் அப்பிடியேதான் வரும். ஒங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்” என்றார்.

சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எனக்கு வகுப்பு வேண்டும். கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்திவிடுவேன் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஆனால் டாக்டர், சாக்பீஸ் தூள் கழுத்துத் துளைக்கு ஆகவே ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். தூள் இல்லாவிட்டாலும் இன்னொரு தொல்லை உண்டு. வாயுள்ள வாத்தியார் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதலாம், ஓர் அதட்டல் போதும். வாயில்லாதவன் முதுகைத் திருப்பினால் வகுப்பு சந்தைக்கடைதான்.

வழி சொன்னவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். பள்ளியின் மாடி அறையில் பழைய மாணவர்கள் வாங்கித் தந்த புரொஜெக்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் எழுதுகிற கணினி ஒன்று கிடைத்தால் அதோடு இணைத்துவிடலாம், நான் பிள்ளைகளைப் பார்த்தபடியே எழுதினால் அது பின்னால் சுவரில் பெரிதாகத் தெரியும் என்றான். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, “சரி சார், விடுப்பு முடிஞ்சி வாங்க. அரையாண்டு வரைக்கும் பாப்போம்” என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கடைக்குப் போனோம்.

விற்பனையாள் என் கழுத்துத் துணியைப் பார்த்த பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் மச்சானிடமே கேட்டான். “சாருக்குக் காது கேக்குமா?” என்று ஒரு கேள்வி. காது நன்றாகவே கேட்டது. அந்த நாட்களில் அது மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

மச்சான் திரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். “மாமா, ஒங்களுக்கும் இதுக்கும் கழுத்துதான் பிரச்சன போல” என்று சிரித்தவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆறு மாதத்தில் என்னைக் கேலி செய்த முதல் ஆள் அவன்தான், மற்றவர்கள் எல்லாரும் என்னிடம் கோயிலில் பேசுகிற மாதிரி பேசினார்கள்.

“டிஸ்பிளே பீஸு சார். கம்பெனி வாரண்டி முடிஞ்சிபோச்சி. எதுனா கோளாறுன்னா பத்து நாளைக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தர்றோம். அதுக்கு மேல எங்க கையில இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைக் கட்டினான். ஏமாற்றினான் என்று அவன்மேல் பழி போட முடியாது.

பெட்டியோடு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே என் மனைவி நின்றாள்.

“ஆடியில போயி புதுசு எடுத்தாந்தீங்க, சரி. பிரிக்கவெல்லாம் கூடாது. ஆவணி பொறக்கட்டும்.”

ஆடியில் வாங்கலாம், தொடங்கத்தான் கூடாது. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு தெரியும், கடைக்காரர்களுக்கும் தெரியும். நான் காகிதத்தை எடுத்து, பத்து நாளைக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். நான் எழுதி முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பேசத் தெரிந்தவன் பின்னாலேயே போய்ப் பேசுவான். நான் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். குழம்பைக் கிளறிக்கொண்டே, “எழுதி எழுதிக் காட்டாதீங்க. மாசியில நாளு பாக்காமத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னொரு வாட்டி என்னால முடியாது” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெட்டி சாமி அலமாரிக்குக் கீழே போயிற்று.

ஆவணி பிறந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்துப் பெட்டியைப் பிரித்தோம். பொத்தானை அழுத்தினேன். உள்ளே கிடுக், கிடுக் என்று ஒரு சத்தம். கறுப்புத் திரை. மறுபடி கிடுக். அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து, நாங்கள் குடித்தும் முடித்த பிறகுதான் திரையில் படம் வந்தது. மச்சான் காதை வைத்துக் கேட்டான். “மாமா, உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க் போகப்போவுது” என்றான்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். “வாங்கின அன்னிக்கே பிரிச்சிப் பாக்கலியா?” என்றான் அதே விற்பனையாள்.

“ஆடி சார்” என்றான் மச்சான்.

“எங்க வூட்லயும் அப்பிடித்தான்” என்று அவனும் தலையை ஆட்டினான். மனமாரத்தான் ஆட்டினான். ஆனால் நாள் கடந்துவிட்டது, மாற்ற முடியாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், என் பங்குக்குப் பறந்தது அந்தப் பத்து நாள்.

வேறு வழியில்லாமல் அதையே தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். அணைக்காமல் தூங்கவைத்தே கொண்டுபோகலாம், எழுப்பினால் உடனே வந்துவிடும் என்று மச்சான் சொல்லியிருந்தான். அது தூங்கினால் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. ஆக ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன்கூட்டியே போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தால் அந்த அசைவிலேயே உறைந்துபோகும்.

எங்கள் பள்ளியில் வாத்தியார் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, “வணக்கம் ஐயா” என்று ராகம் போடுவார்கள். வாத்தியார் ‘உட்காருங்கள்’ என்று சொன்னால்தான் உட்காரலாம். என் வகுப்புக்குத் தலைமையாசிரியர் முந்தின நாளே வந்து, “ஐயாவால பேச முடியாது. எது செய்யணும்னாலும் செவுத்துல எழுதுவாரு. அதும்படி நடக்கணும், பாத்துக்குங்க” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

நான் மாடி அறைக்குள் நுழைந்தேன். எழுந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். நான் கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்துப் பொத்தானை அழுத்தினேன். சுவர் முழுக்க நீலம் விழுந்தது. கிடுக், கிடுக். கையைத் தாழ்த்தி, உட்காருங்கள் என்று சைகை காட்டினேன். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் பாதி உட்கார்ந்து, மற்றவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி எழுந்து நின்றார்கள். எல்லார் கண்ணும் சுவரில் இருந்தது. அதில் எழுத்து வர வேண்டும், வந்தால்தான் உட்காரலாம். நான் இரண்டு கையையும் காட்டினேன். அமைதியாக இருக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, இருமிக்கொண்டிருந்த ஒருவன்கூட இருமலை அடக்கிக்கொண்டான். ஒரு வகுப்பே வெறும் நீலச் சுவரைப் பார்த்து நின்றது. நான் அவர்களுக்கு எதிரே நின்றேன். கழுத்துத் துணி என் மூச்சில் ஏறி ஏறி இறங்கியது.

ஒருவழியாகத் திரை வந்தது. பேனாவை உருவினேன். ‘உட்காருங்கள்’ என்று எழுதினேன். பெஞ்சுகள் ஒரே சத்தமாக முனகின. நான் நடத்த வைத்திருந்தது வட்டத்தின் தொடுகோடு. படம் போட்டு, பெயர் குறித்து, நிறுவலின் இரண்டாவது வரியை எழுதும்போது திரை உறைந்துவிட்டது. அதற்குள் மணி அடித்தது. அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கும் குரல் வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

புரட்டாசி முழுக்க, ஐப்பசியிலும் பாதிக்கு மேல் இதே கதை. பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுமை இழந்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நின்றுகொண்டே பேசினார்கள், நின்றுகொண்டே அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் சுவரில் எழுத்து வரும்வரை உட்காரவில்லை.

மச்சானோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருவர் பரங்கிப்பேட்டைக்காரர், சிங்கப்பூரில் வேலை. பக்ரீத்துக்கு ஊருக்கு வருகிறவரிடம் சொல்லி, புதுவகை டிஸ்க் ஒன்றை வாங்கிவரச் செய்திருந்தான் மச்சான். பெருநாள் கழிந்து அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் செய்தித்தாளை விரித்து, கணினியைக் குப்புறப் போட்டார். அடியில் சின்னதாக ஒரு மூடி. திருகுகளைக் கழற்றிக் கழற்றி ஒரு டீ சாசரில் போட்டார். பழைய டிஸ்க்கை நெம்பி வெளியே இழுத்தார், உள்ளங்கையில் அடங்குகிற கனமான இரும்புப் பெட்டி. புதியது அதே அளவில் இருந்தது, ஆனால் கையில் வாங்கினால் காலி தீப்பெட்டி போல எடையே இல்லை.

“இதுல சுத்துறதுன்னு ஒண்ணும் கெடையாது மாமா. சத்தமே வராது” என்றான் மச்சான்.

“எடம் பழசவிடக் கம்மிதான் சார். ஆனா வேகம் ஜாஸ்தி. இன்ஷா அல்லாஹ் ஜம்முனு ஓடும்” என்றார் பாய்.

அந்தப் புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏறி முடிகிற வரைக்கும் நானும் டிஸ்க்கும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் ஒருமுறை அணைத்துவிட்டு, என்னையே அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். நழுவிய மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் திரை தயாராக நின்றது. நான் பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒரே சங்கடம். “அட, என்னா சார் நீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பிள்ளைகள் ‘வணக்கம் ஐயா’வை இழுத்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் ‘உட்காருங்கள்’ வந்துவிட்டது. வகுப்பு ‘ஓ’ என்று கத்தியது. நானும் சிரித்தேன், சத்தமில்லாமல்தான். அதற்குப் பிறகு வந்த ஐப்பசிக் கடைசி, கார்த்திகை நாட்கள்தான் அந்த வருஷத்தில் நான் வாழ்ந்த நாட்கள். நான் எழுத எழுத அவர்களாகவே அதைச் சேர்ந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்கள். ‘ஆகவே’ என்று எழுதுவேன், ‘ஆகவே...’ என்று மொத்த வகுப்பும் இழுக்கும், அடுத்த சொல்லுக்காக என் கையைப் பார்க்கும். எவனாவது வாலாட்டினால் அவன் பெயரை மட்டும் எழுதுவேன், வகுப்பே அவனை அதட்டும். என் சொற்கள் அத்தனை தொண்டைகளிலிருந்து எனக்குத் திரும்பி வந்தன. குரலை இழந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடவுள்மேல் எனக்கிருந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்திருந்தது. அரையாண்டில் பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். தலைமையாசிரியர் முதுகில் தட்டி, “முழு ஆண்டும் நீங்களே நடத்துங்க சார்” என்றார்.

அந்த விடுமுறையில்தான் புயல் வந்தது.

எங்கள் மாவட்டத்தில் அந்தப் புயலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அண்ணாகிராமம் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்தன. மின்கம்பங்கள் வழியெல்லாம் ஒடிந்து கிடந்தன. அவ்வளவு பேர் கூரையில்லாமல் நிற்கும்போது, ஒரு புரொஜெக்டருக்குக் கரண்ட் இல்லை என்று நான் அழுதால் எவன் கேட்பான்? வாயிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பொங்கலுக்கு அப்புறம் பள்ளிக்குக் கரண்ட் வந்தது. வந்தது என்பது பெயருக்குத்தான். புயல் போய் மின்வெட்டு பிடித்துக்கொண்டது. காலையில் வெட்டு, மதியம் வெட்டு. இடையில் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. என் பாடவேளையில் வந்ததாக நினைவே இல்லை.

கணினியில் பேட்டரி இருந்தது, கண்மூடித் திறப்பதற்குள் அது தயாராகிவிடும். சுவர்தான் இல்லை. திரையைத் திருப்பி, மடக்கி, சிலேட்டு போலக் கையில் ஏந்திக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனேன். நான் நிற்கும் பெஞ்சில் பாடம் நடந்தது, மற்ற பெஞ்சுகளில் சந்தை நடந்தது. முன்பெல்லாம் அரை மணியில் முடிக்கிற கணக்கு மூன்று நாள் நகர்ந்தது. ஒருநாள் இரைச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் வந்து நின்று, “ஏன்டா இப்பிடிக் கத்துறீங்க? பாவம்டா சாரு” என்றார்.

வகுப்பு அடங்கிவிட்டது. அந்த ‘பாவம்’ என்ற சொல்லுக்கு அடங்கியது. அதுவரைக்கும் என்னை மதிக்காமல் இரைந்தார்களே, அது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். இந்த முறை என் கையைப் பிடிக்கவில்லை, மேஜையைப் பார்த்துப் பேசினார். “பப்ளிக் எக்ஸாம் வருது சார். பிள்ளைங்க பாடு...” என்று நிறுத்தினார். எனக்குப் பதிலாக ஓர் இளைஞரை ஏற்பாடு செய்திருக்கிறாராம். நான் மடியில் இருந்த கணினியில் ‘கரண்ட் சரியான பிறகு?’ என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன். “வரட்டும் சார், பாப்போம்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்குச் சண்டை போடக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

நூலகம் கிழக்குப் பக்கக் கடைசி அறை. ‘அமைதி காக்கவும்’ என்று சுவரில் பலகை. அதைக் கண்டு முதல்நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. நீளமேசை, நாற்காலிகள், பூட்டிய அலமாரிகள். கணினியை மட்டும் தினமும் கொண்டுபோனேன். என் மனைவி, “அங்க எதுக்குங்க அது?” என்று ஒருநாள் கேட்டாள். எழுதிக் காட்டவில்லை. அவளும் அப்புறம் கேட்கவில்லை.

மாசிக் கடைசியில் ஒருநாள் அந்த இளைஞர் வரவில்லை. பத்தாம் வகுப்பை அந்தப் பாடவேளைக்கு நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டபோதே எழுந்து நின்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கழுத்துத் துணியைச் சரிசெய்தேன். உள்ளே நுழைந்தவர்கள் என்னைப் பார்த்து, “வணக்கம் ஐயா” என்றார்கள். அதே ராகம், கொஞ்சம் வேகமாக.

பொத்தானை அழுத்தினேன். கிடுக் இல்லை, நீலம் இல்லை, திரை அந்த நொடியே வந்தது. திருப்பி மடக்கினேன், பேனாவை உருவினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக என்றைக்கும் வந்ததில்லை. ‘உட்காருங்கள்’ என்று எழுதி, எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

எல்லாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். புது வாத்தியார் அந்த நின்று காத்திருக்கும் வழக்கத்தை எடுத்துவிட்டாராம், நேரம் வீணாகிறது என்று. தலைகள் குனிந்திருந்தன, பக்கங்கள் புரண்டன. முன்னால் இருந்த ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அவள் உதடு ‘உட்காருங்கள்’ என்று அசைந்தது. சுவரில் இருந்த ‘அமைதி காக்கவும்’ பலகையைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் மூடிக்கொண்டாள்.

அந்தப் பேனாவின் பின்முனையால் தேய்த்தால் எழுத்து அழியும். பேனாவைத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.